சிமெண்ட் கலரில் கிளிப்பச்சை பார்டர்

இன்று மதியம் சாப்பிட்டுவிட்டு மறுபடி கவுண்டரில் வந்து நின்றதும் ஒரு அம்மா வந்தார்கள். ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார்களாம். கோயம்புத்தூர்ப் பேச்சு. எடுத்துப் போட்ட எந்தப் புடவையும் அவர்கள் மனசுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில், "ஏனுங்க, சிமெண்ட் கலர்ல கிளிப்பச்சை பார்டர் வச்சது ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்கள். என் கை தானாக இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை உருவி மோவாயைத் துடைத்துவிட்டது. புடவை கேட்டால் எதற்கு மோவாயைத் துடைக்கிறாள் என்று அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போனபிறகு ஒரு கார்த்திகை தீபம் வந்து போய்விட்டது. அந்தக் கலரை உன்னைத் தவிர வேறு ஒருவர் வாயிலிருந்து நான் கேட்டது இன்றுதான்.

நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில்தான் இந்த ஜவுளிக்கடையில் சேர்ந்தோம். நான் ஊருக்குள் பாய்மார் தெருப் பெண். நீ அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுகிற வீட்டுப் பெண். அறுவடைக் காலத்தில் உன் சாப்பாட்டுப் பையில் சோறு கம்மியாகவும் அவித்த மல்லாட்டை ஜாஸ்தியாகவும் இருக்கும். பௌர்ணமி அன்று பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். நீ கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே கடைக்கு வந்து சேருவாய். "பாதி புண்ணியம் வந்துடிச்சி. மீதிய வூட்டுக்குப் போறப்ப வாங்கிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவாய். சாமி பேரில் அவ்வளவு பக்தி உள்ளவள் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உனக்கு ஆட்டோவுக்குக் கொடுக்க மனசு வராது, அவ்வளவுதான்.

கடையில் நமக்குள் ஒரு பாஷை இருந்தது. புடவை எடுக்க வந்தவர்கள் எதிரில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை எல்லாம் நிறத்தில் சொல்வோம். முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தால் "சந்தனக் கலர் வந்துதா?" ஒன்றும் வாங்காமல் புரட்டிப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் என்றால் "சாம்பல் கலர் மேல் தட்டுல கீது." இதெல்லாம் நாம் சேருவதற்கு முன்பே இருந்தவை. கிளிப்பச்சை பார்டர் மட்டும் நீ எனக்கென்று உண்டாக்கியது.

அது உண்டான கதை உனக்குத் தெரியும். தெரிந்த கதையையும் உன்னிடம் சொல்லவேண்டும் போல இருக்கிறது.

என் கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் என் பேர் கரண்டி. மேல் பல்லும் கீழ் பல்லும் ஒன்றையொன்று தொடாது. வடையைக் கடிக்க முடியாது, பிய்த்துக் கடைவாயில் வைத்துக்கொள்வேன். கடையில் எனக்குக் கொடுத்த இடம் மாடியில் லைனிங் துணி. கீழே பட்டுக் கவுண்டரில் நிற்க முகம் வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்தது. அண்ணன் சவுதியிலிருந்து லீவில் வந்தபோது, "இதுக்கு ஆபரேஷன் இருக்குதாம், செஞ்சிக்கிறேன்" என்று நானேதான் கேட்டேன். அம்மா வேண்டாம் என்றாள். நீயும், "உன் தாடை உன் பாட்டுக்கு கீது, இருந்துட்டுப் போவட்டுமே, அதுக்கு இன்னா சோறா போடுற?" என்றாய். நான் கேட்கவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று உன் வாயை அடைத்தேன்.

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி. முதலில் பல்லுக்குக் கிளிப் போட்டார்கள். பிறகு ஆபரேஷன். தாடை எலும்பை வெட்டிப் பின்னால் தள்ளித் தகடும் ஸ்க்ரூவும் வைத்து முடுக்கினார்கள். அதற்கு முன்னால் டாக்டர் உட்காரவைத்து எல்லாம் சொன்னார். "சிலருக்குக் கீழுதடு மரத்துப்போகலாம், பெரும்பாலும் திரும்பி வந்துடும்" என்றும் சொன்னார். மறைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். சிலருக்கு என்றதும் அது வேறு யாருக்கோ என்று என் காது முடிவு செய்துகொண்டது.

மேல் பல்லையும் கீழ் பல்லையும் ரப்பர் போட்டுக் கட்டி வீட்டுக்கு அனுப்பியபோது, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள். வீக்கம் வடிந்ததும், "மாஷா அல்லாஹ், எவ்ளோ அழகா ஆயிட்ட!" என்றார்கள். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கேழ்வரகுக் கூழைத் துணியில் வடிகட்டி ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி என் கடைவாயில் விட்டாய். "வாய் கட்டி கீறப்பதான்டி நீ நல்லவ" என்று சொல்லிச் சிரித்தாய். சிரிக்கவும் முடியாமல் நான் பட்ட பாடு! ஒரு நாள் கூழ் வழிந்து கழுத்து வரை போய்விட்டது. எனக்குத் தெரியவே இல்லை. நீ சிரிப்பை நிறுத்திவிட்டு என் கீழுதட்டில் விரலை வைத்துப் பார்த்தாய். "தெரியுதா?" தெரியவில்லை என்று தலையாட்டினேன். முகத்தைப் பார்க்க வந்த அத்தனை பேரில் உதட்டைத் தொட்டுப் பார்த்தவள் நீ ஒருத்திதான்.

திரும்பி வரும் என்றார்கள். ஆறு மாதம் என்றார்கள், பிறகு ஒரு வருஷம் என்றார்கள். சத்து மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் வந்தது. வந்தது எது என்பதுதான் வேடிக்கை. தொட்டால் தெரியாது, ஆனால் மார்கழிக் காற்று பட்டால் சுரீர் என்று இழுக்கும். மோவாயில் எறும்பு ஊர்வது போல இருக்கும், கை வைத்தால் எறும்பு இருக்காது. சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருக்கும், அது மட்டும் தெரியாது.

அழகாகிவிட்டதால் என்னைப் பட்டுக் கவுண்டருக்கு இறக்கினார்கள். முதல் நாளே ஒரு கல்யாணக் கும்பலுக்கு எதிரில் மோவாயில் சாம்பாரோடு நின்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்துக் கவுண்டரிலிருந்து நீ சத்தமாக, "ஏம்மா, அந்த சிமெண்ட் கலர்ல கிளிப்பச்சை பார்டர் எங்க வச்ச?" என்று கேட்டுவிட்டு உன் மோவாயைத் துடைத்துக் காட்டினாய். எனக்குப் புரிந்தது. அப்புறம் ஏன் அந்தக் கலர் என்று கேட்டேன். "அத எவ கேக்கப்போறா? அவ்ளோ கண்றாவியான கலர் உலகத்துலயே இல்ல" என்றாய். அன்றிலிருந்து கண்ணாடி எனக்குத் தேவைப்படவில்லை. எதிரில் நீ நின்றாய்.

முதலாளிதான் ஏமாந்து போனார். தினம் இரண்டு மூன்று தடவை அந்தக் கலர் கேட்கப்படுவது அவர் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆரணிக்குச் சொல்லி ஒரு கட்டுப் புடவை நெய்து வரவழைத்துவிட்டார்! கட்டைப் பிரித்ததும் நீ பில் போடும் மேஜைக்கடியில் குனிந்து உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாய். ஒன்றுகூட விற்கவில்லை. "கேட்டுக்கினே இருந்தாங்களே, எங்க போனாங்க?" என்று அவர் புலம்புவார். பாவம் பார்த்து நீ ஒன்றும் நான் ஒன்றும் எடுத்துக்கொண்டோம். நீ அதைக் கட்டிக்கொண்டு தீபத்துக்கு வந்தபோது, புதுசாகப் பூசிய சுவரில் கிளி உட்கார்ந்த மாதிரி இருந்தாய்.

சிரித்ததை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். நான் களைத்துப்போயிருக்கிறேன். வலி பெரியது என்று சொல்ல வரவில்லை. நாள் முழுக்க ஒரு உதட்டுக்குக் காவல் இருப்பதுதான் களைப்பு. கல்யாணமான வருஷம் நோன்புக் கஞ்சியைக் குடித்து உதட்டில் கொப்புளம் வந்துவிட்டது. சூடு மேலுதட்டுக்குத் தெரிவதற்குள் கீழுதடு வெந்துவிட்டது. "டம்ளர உள்ளங்கைல வச்சிப் பாத்துட்டுக் குடி" என்று நீ திட்டினாய். வீட்டுக்காரர் நல்ல மனிதர். அவரிடம் சொன்னால், "அதான் மூஞ்சி நல்லா ஆயிடிச்சே" என்பார். மகள் பிறந்தாள். அவள் கன்னத்தில் வாயை வைத்தேன். பாதி முத்தம்தான் எனக்குக் கிடைத்தது. அதை உன்னிடம் சொல்லி அழுதேன். நீ பூப்போட்ட கைக்குட்டை ஒன்றை என் இடுப்பில் செருகிவிட்டாய்.

யாராவது பிடித்துத் தள்ளியிருந்தால் அவர்களைத் திட்டி ஆறிக்கொள்ளலாம். நானே கேட்டு வாங்கிக்கொண்டது. இன்று வடையை முன்பல்லால் கடிக்கிறேன், அது நிஜம். கரண்டியாகவே இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேனே, அதுவும் நிஜம். இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளாமல் உள்ளேயே கிடக்கின்றன.

என் மகளுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்கும் என்னவருக்கும் பரிமாறிவிட்டு நான் கடைசியில் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். எல்லா வீட்டிலும் அம்மாக்கள் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள், அதனால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டே இருப்பது என் பழக்கம் என்று கேலி செய்வாள். அவள் தாடை என் பழைய தாடை. இப்போது காலேஜ் இரண்டாம் வருஷம். போன வருஷம் என் கல்யாண போட்டோவையும் அதற்கு முந்தைய போட்டோவையும் பக்கத்தில் வைத்து, "உனக்கு செஞ்ச மாதிரியே எனக்கும் செய்யணும்மா" என்றாள். நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

அதைத்தான் ஆஸ்பத்திரியில் உன்னிடம் கேட்டேன். சர்க்கரை உன் கிட்னியைத் தின்றுவிட்டிருந்தது. டயாலிசிஸ் முடிந்து துவண்டு படுத்திருந்தாய். உனக்குத் தண்ணீரே அளந்துதான். நான் கொண்டுவந்த டீ பிளாஸ்கைப் பார்த்து, "நீ குடி, நான் பாக்குறேன்" என்றாய். மனசில்லாமல் குடித்தேன். மகள் கேட்டதைச் சொன்னேன். வேண்டாம் என்று அடித்துச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்னு உங்கம்மா மாதிரி நீயும் சொல்லுவ, அவ உன்ன மாதிரி கேக்கமாட்டா," என்றாய். மூச்சு வாங்கியது. "செய்யின்னும் சொல்லாத, செய்யாதன்னும் சொல்லாத. உனக்கு இன்னா ஆச்சோ அத சொல்லு. முத்தத்தையும் சேத்து சொல்லு."

"அத எப்படிச் சொல்றது? அவ மனசு கஷ்டப்படுமே."

"படட்டும்," என்றாய். கண்ணை மூடிக்கொண்டாய். தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, குரல் எழும்பாமல், "ஏம்மா, கிளிப்பச்சை பார்டர்" என்றாய். மோவாயில் டீ வழிந்திருந்தது. அதுதான் நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது. அடுத்த முறை நான் வந்தபோது உனக்கு நினைவு தப்பியிருந்தது.

சொல்வதற்கு எனக்கு இத்தனை நாள் ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி ஆரம்பித்தாள். அவள் விரலை வாங்கி என் கீழுதட்டில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "அழுத்து" என்றேன்.

"அழுத்திக்கினுதாம்மா இருக்கேன்."

கண்ணைத் திறந்தேன். அவள் விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். வடையைச் சொன்னேன், கஞ்சியைச் சொன்னேன், நீ சொன்னபடி முத்தத்தையும் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் தன் கன்னத்தையே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கு இப்ப பயமா இருக்கும்மா. ஆனா வேணும்னும் இருக்கு. உனக்கு ஆச்சின்னா எனக்கும் ஆவும்னு இல்லியே?" என்றாள். ஆகும் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆகாது என்றுதான் எப்படிச் சொல்வேன்? டாக்டரைப் பார்க்க அவளோடு நானும் போவதாக இருக்கிறேன். சிலருக்கு என்றால் எத்தனை பேருக்கு, திரும்பி வராதவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நான் அன்று கேட்காததை எல்லாம் கேட்கப்போகிறேன். முடிவு அவளுடையது. அவளுக்கும் மரத்துப்போனால் எதிரில் நிற்க நான் இருக்கிறேன். என்ன கலர் சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இன்று அந்த அம்மா கேட்டதும் தேடினேன். முதலாளி வரவழைத்த கட்டில் மிச்சமிருந்த ஒரு புடவை இன்னமும் மேல் தட்டில் கிடந்தது. ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தேன். அந்த அம்மா விரித்துத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்து, "இத்தன நல்ல கலர யாரும் எடுக்காம உட்டுட்டாங்களேங்க" என்றார்கள். நீ இருந்திருந்தால் மேஜைக்கடியில் போயிருப்பாய். அவர்கள் பில் போடப் போனதும், கையில் கசங்கியிருந்த கைக்குட்டையைப் பிரித்தேன். மதியம் சாப்பிட்ட தயிர்சோற்றின் பருக்கை ஒன்று அதில் ஒட்டியிருந்தது.