டிக்கியில் பத்துக் கிலோ

அன்பு அப்பா,

இல்லை, எல்லாம் சாகவில்லை. உங்கள் மூன்று தேன்பெட்டிகளில் இரண்டில் இன்னும் சத்தம் இருக்கிறது. மூன்றாவதில் தேனீக்கள் அடையின் அறைகளுக்குள் தலையை விட்டபடி இறந்திருந்தன. பசியில் அப்படித்தான் சாகுமாம்.

நீங்கள் கண்மூடி ஆறு வாரம். பெட்டிகளை யாரும் நினைக்கவில்லை.

நவம்பரில் உங்கள் கார் டிக்கியில் பத்துக் கிலோ சர்க்கரையைப் பார்த்தேன். சுகர் முந்நூறு இருக்கிற ஆளுக்கு இது எதற்கு என்று துபாயில் நம் கராமா வீட்டுப் பார்க்கிங்கில் நின்று கத்தினேன். நீங்கள் டிக்கியை மூடினீர்கள். அதன்பிறகு நாம் சரியாகப் பேசவே இல்லை.

போன சனிக்கிழமை அம்மாவோடு பெட்டிகள் இருக்கும் ராஸ் அல் கைமா தோட்டத்துக்குப் போனேன். அம்மா காரைவிட்டு இறங்கவில்லை. காவலுக்கு இருக்கும் முருகேசண்ணன்தான் பெட்டிகளைத் திறந்தார். மூடிக்குக் கீழே ஒரு தட்டு, தேனீ மூழ்காமல் உட்காரச் சில குச்சிகள், ஓரத்தில் காய்ந்த சர்க்கரை.

இலந்தைத் தேனை எடுத்துவிட்டால், சமர் என்கிற பாலைவன வேலமரம் பூக்கும்வரை தேனீக்களுக்குத் தின்ன ஒன்றும் இல்லையாம். குளிர்காலம் முழுக்க வாரம் தவறாமல் வந்து அந்தத் தட்டில் சர்க்கரைப் பாகு ஊற்றுவீர்களாம்.

"அப்பா அதைக் குடிச்சாராண்ணே?"

"கரைஞ்சிருச்சான்னு விரலை விட்டு நக்கிப் பாப்பாரும்மா. அதுக்குமேல எனக்குத் தெரியாது."

ஒரு விரல். அது எவ்வளவு? எத்தனை வாரம்?

'என் தேனீ சர்க்கரையைக் கண்டதே இல்லை' என்று பில்டிங் முழுக்கச் சொல்லித்தானே தேன் கொடுத்தீர்கள்? பூ வந்ததும் நிறுத்திவிடுவீர்கள், தேனில் ஒரு சொட்டுக்கூடக் கலக்காது என்கிறார் அண்ணன். அப்படியானால் அது பொய்யா, இல்லையா? அதற்காகத்தான் என்னிடமும் வாயைத் திறக்கவில்லையா? அல்லது, சொன்னாலும் நான் நம்பமாட்டேன் என்றா?

நம்பியிருப்பேனா? தெரியவில்லை.

திரும்பும்போது அம்மா சொன்னாள், "பெட்டியை எல்லாம் யாருக்காவது குடுத்துடு. இந்தச் சர்க்கரைதான் அவரைக் கொண்டுபோச்சு." அதுவும் உண்மையாக இருக்கலாம். நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சமர் பூக்க இன்னும் இரண்டு மாதம். அதுவரை ஊற்றுகிறேன். பூத்த அன்றே நிறுத்திவிடுவேன். யாராவது கேட்டால், ஊற்றினேன் என்றே சொல்வேன்.

உங்களிடம் கத்திய மகள்,
நித்யா

இதை எழுதி முடித்து, இரண்டு கிலோ சர்க்கரையை வெந்நீரில் கரைத்தேன். கரைந்துவிட்டதா என்று விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். மூன்று மணிக்குத் தோட்டத்துக்குக் கிளம்பினேன்.