நாளைக்கு நிக்காஹ் வேண்டாம்

மலீஹா வாப்பாவுக்கு,

படகை விட்டு வந்ததும் நேரே உள்ளே போகாமல் இதைப் படியுங்கள்.

விடியற்காலையில் நாளைய பிரியாணிக்கு மசாலா வறுத்தேன். அது கருகியும் எனக்கு வாசனையே தெரியவில்லை. உடம்பும் சுடுகிறது. கொரோனாவாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, கோட்டைக்குப்பத்தில் பூட்டிக் கிடக்கிற தம்பி வீட்டில் தனியாக இருந்துகொள்கிறேன்.

உங்களைக் கேட்காமல் மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போன் செய்து, நிக்காஹ்வைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் உம்மா "செரி, பாக்கலாம்"னு மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கோபமா, பயமா, தெரியவில்லை.

கூட்டம் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, "ஒரே பொண்ணு, ஊரைக் கூப்புடாம இன்னா நிக்காஹ்?"னு நேற்று சாப்பிடாமல் எழுந்து போனீர்கள். அந்தக் கோபத்தை நான் திரும்பி வந்தபிறகு காட்டுங்கள்.

மலீஹா தூங்குகிறாள். ராத்திரி என் கைமேல்தான் தலைவைத்துப் படுத்திருந்தாள். அவளுக்கும் சோதனை எடுக்க வேண்டும். எழுந்ததும் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும்.

சட்டியில் இருக்கும் குழம்பைக் கொட்டிவிடுங்கள். முட்டை இருக்கிறது.

ஜமீலா

மறந்துவிட்டேன்: நேற்று மருதாணி போட வந்தவர்களுக்கு என் கையால்தான் டீ கொடுத்தேன். ஒருவர் விடாமல் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டு சுபஸ்ரீ மாசமாக இருக்கிறாளே, அவளுக்கு மட்டும் நானே போன் செய்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அங்க தனியா இன்னாக்கா சாப்டுவ?"னு கேட்டாள்.