டெஸ்டட் ஒன்லி

புரட்டாசி, செவ்வாய்

காலைல மழை. கடை வாசல் பூரா தண்ணி. குடை மறுபடியும் பஸ்ல போச்சு.

வாங்க: குடை (மட்டமானது போதும்), பாப்பாவுக்கு வெள்ளை சாக்ஸ், கொசுவத்தி.

முதலாளியோட மாப்பிள்ளை இன்னிக்கு ஒரு காரியம் பண்ணாரு. பேர் எழுதக்கூடக் கை கூசுது. இனிமே வெறும் மா. கடையோட ஆன்லைன் ஆர்டரெல்லாம் அவர் பொறுப்பாம். பொறுப்பு அவருது, வேலை என்னுது. தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஒரு அம்மா, பொண்ணு முகூர்த்தத்துக்கு அசல் ஜரிகைப் புடவை கேட்டு அசல் விலையே கட்டியிருக்காங்க. மா. என்ன பண்றாரு, பேக்கிங் முருகேசண்ணனுக்கு ஒரு மெயில்: 'டர்பன் ஆர்டர். டெஸ்டட் ஒன்லி.' டெஸ்டட்னா போலி ஜரிகை. ரெண்டு வருஷத்துல கறுத்துடும். அடப்பாவி. திருட்டுத்தனத்தையாவது ஒழுங்கா பண்ணக்கூடாதா? ரிப்ளை ஆல் அமுக்கி, அந்தம்மாவுக்கே போயிடுச்சு.

"கலா, ரீகால் எங்க இருக்குது? ரீகால் பண்ணு, ரீகால் பண்ணு!"

"வெளி ஆளுக்குப் போனா திரும்பி வராது சார். 'இவர் மெயிலைத் திரும்பக் கேக்கறாரு'ன்னு அவங்களுக்கு இன்னொரு மெயில் போவும், அவ்ளோதான்."

"எனக்கே சொல்லித் தரியா? நகரு."

மூணு தரம் அமுக்கினாரு. லிஃப்ட் பட்டன்னு நெனப்பு. எம்பிஏவாம்.

புதன்

வெயில். துணி காஞ்சுது.

மா. காலைலயே பெருமாள் கோயிலுக்குப் போய் தங்கப் பல்லியத் தொட்டுட்டு வந்திருக்காரு. நாமம் வழக்கத்தைவிடப் பெருசு. தொட்டா தோஷம் போவும், சரி. மெயில் போவுமா? பல்லி பாவம்.

மத்தியானம் சாம்பார் சாதம். முருகேசண்ணன் வீட்டு வத்தல். "இன்னாமா, மாப்ள மூஞ்சி இப்டி தொங்கிக்கினு இருக்குது?" "ரீகால் ஜுரம்ணே." சிரிச்சுக்கினே அந்த டெஸ்டட் புடவைய மடிச்சு டப்பாவுல வெச்சாரு. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்தப்புறம் ஏன் சிரிச்சோம்னு இருந்துச்சு.

வியாழன்

டர்பன்ல இருந்து பதில். மா. தானா திறக்காம என்னைப் படிக்கச் சொன்னாரு.

மூணு தரம் திரும்பக் கேட்டீங்களே, ஏதோ முக்கியம்போலன்னு திறந்து பாத்தேன்னு எழுதியிருக்காங்க. ஜரிகையெல்லாம் சோதிச்சு, தேறினத மட்டும்தான் அனுப்பறீங்கன்னு தெரிஞ்சு மனசு நெறஞ்சுபோச்சாம். பொண்ணு இந்தப் புடவைய அவ பொண்ணுக்குக் குடுப்பாளாம். சொந்தக்காரங்களுக்கு இன்னும் நாலு வேணுமாம். எல்லாம் டெஸ்டட்.

ஐயோ.

தமிழே தெரியாத தமிழம்மா. எங்க ஊர்ல டெஸ்டட்னா என்னன்னு அவங்களுக்கு யாரு சொல்லியிருப்பா.

மா. குதிச்ச குதி இருக்குதே. "பாத்தியா கலா! இதான் மார்க்கெட்டிங்!" எல்லாம் பல்லி அருளாம். ஆளுக்கு ஒரு மைசூர்பாகு. வெப்சைட்ல '100% டெஸ்டட்'னு பெருசா போடணுமாம். தூ, இதெல்லாம் ஒரு பொழப்பு. ஆனா மைசூர்பாக நானும்தான் தின்னேன். தின்னதுக்கு என் மேலயே எரிச்சல்.

பார்சல் சனிக்கிழமை போவுது. அந்தம்மாகிட்ட சொன்னா என் வேலை போவும். ஆர்டர் மெயில் பாக்கறது நான் ஒருத்திதான், யாருன்னு தேட வேண்டியதே இல்ல. மறுபடியும் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸுக்கு இருட்டுல போய் நிக்கணும். முடியாதுப்பா. எழுத மாட்டேன். எனக்கென்ன வந்துச்சு.

வெள்ளி

தூக்கம் இல்ல. சாக்ஸ் வாங்க மறந்துட்டேன், பாப்பா அழுதுக்கினே பள்ளிக்கூடம் போச்சு.

கடைக்குப் போனதும் தெரிஞ்ச இங்கிலீஷ்ல எழுதிட்டேன். 'அம்மா, எங்க ஊர்ல டெஸ்டட்னா சோதிச்சதுன்னு அர்த்தம் இல்ல, போலின்னு அர்த்தம். உங்க புடவை இன்னும் கெளம்பல.' கீழ என் பேரு.

சாயங்காலம் வரைக்கும் பதில் இல்ல. கல்யாண வீடு, மெயில் யாரு பாக்கறது. காலைல கூரியர்காரன் வந்துடுவான்.

சனி

தூறல். புதுக் குடை, ஒரு கம்பி அதுக்குள்ள போச்சு.

பதில் இன்னும் இல்ல. டர்பன் டப்பா கட்டி, விலாசம் ஒட்டி, வாசல்ல ரெடி. மா. என்னைக்கும் இல்லாத திருநாளா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாரு. அந்தம்மா பாராட்டின மெயில ஃபோட்டோ எடுத்து மாமனாருக்குக் காட்டணுமாம். தேடிக்கினே போய் என் மெயிலப் பாத்துட்டாரு.

"துரோகி! சோறு போட்ட கடைக்கே..."

நீயா போட்டன்னு வாய்வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

"அவங்க இன்னும் பாக்கல, பாத்திருந்தா பதில் வந்திருக்கும். இரு, ரீகால் பண்றேன்."

வராதுன்னு அன்னிக்கே சொன்னேன். சொன்னாலும் ஏறாது. வசதியா அமுக்கட்டும்னு மவுஸ அவர் பக்கம் தள்ளி வெச்சேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. மூஞ்சில என்ன ஒரு நிம்மதி!

"திங்கக்கிழமைல இருந்து வராத."

"சரி சார்."

டிபன் பாக்ஸ், குடை, பாப்பா ஃபோட்டோ. பையில போட்டுக்கினு இருக்கறப்பவே கம்ப்யூட்டர் கிணுங்குச்சு. டர்பன். மா. எழுந்து நகந்துட்டாரு. நானே படிச்சேன், வாசல்ல நிக்கற கூரியர்காரனுக்கும் கேக்கற மாதிரி: 'மறுபடியும் மூணு தரம் திரும்பக் கேட்டீங்க, அதான் உடனே திறந்தேன். பார்சல நிறுத்துங்க.'