என் உயரத்துக்கு ஒரு சைக்கிள்

காலையில் எதிர்வீட்டு ஜன்னல் கம்பிக்கு வெல்டிங் வைத்தார்கள். இரும்பு சுட்ட வாடை அடுப்படி வரை வந்தது. "கதவ சாத்திடட்டுங்களா அத்தை?" என்றாள் மருமகள். வேண்டாமென்றேன். கொஞ்ச நேரம் உங்கள் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

எனக்கு அடி அண்ணாமலைப் பள்ளிக்கு மாற்றல் வந்த வருஷம். பஸ்ஸை நம்பிப் போனால் தினமும் பிரேயர் முடிந்திருக்கும். "இன்னொரு தடவ லேட்டானா மேல எழுதிடுவேம்மா" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். "வேலைய வுட்டுட்டு வூட்ல இரு" என்றார் உங்கள் அம்மா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறந்த வீட்டிலேயே சைக்கிள் பழகியவள்தான் நான். ஆனால் கடையில் எந்த லேடீஸ் சைக்கிளில் உட்கார்ந்தாலும் இந்தக் குள்ளச்சியின் கால் தரைக்கு எட்டவில்லை.

"உன் உயரத்துக்கு நானே செஞ்சிடறேன், போ" என்றீர்கள். பம்ப்செட் ரிப்பேர் பார்க்கிற மனுஷருக்கு என்ன தைரியம்! பழைய இரும்புக்கடையில் இரண்டு உடைந்த சைக்கிள்களை வாங்கி வந்து, கொல்லையில் வைத்து ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, பித்தளையை உருக்கி ஒட்டினீர்கள். சேலையோடு ஏறுவதற்காகக் குறுக்குக் குழாயைத் தாழ்த்தி வைத்தீர்கள். ஆசையாக ஏறி உட்கார்ந்தேன். கால் எட்டவில்லை!

அம்மா இருக்கிற வீட்டில் பெண்டாட்டி காலை அளக்க வெட்கப்பட்டு, கண்ணாலேயே அளந்திருக்கிறீர்கள். உங்கள் அம்மா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

"கட்டின பொண்டாட்டி கால அளக்க என்னாடா வெக்கம்? நூலக் கொண்டா இங்க."

வேலையை விடச் சொன்னவரே குனிந்து என் கால் அளவை எடுத்தார். நீங்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றீர்கள்.

ஒட்டியதை மறுபடி அறுத்தீர்கள். முணுமுணுக்கக்கூட இல்லை. இந்த முறை உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிக் கிளம்பினேன். செங்கம் ரோடு வரை "மெதுவா, மெதுவா" என்று பின்னாலேயே ஓடி வந்தீர்கள். அன்றைக்குப் பள்ளியில் பிரேயர் மணி அடித்ததே நான்தான்.

"எந்தக் கம்பெனிங்க டீச்சர்?" என்று கேட்பார்கள். "எங்க வூட்டுக்காரர் கம்பெனி" என்பேன். திமிர்தான், இருக்கட்டுமே!

அதே பள்ளியில் தலைமையாசிரியையாகி ஓய்வு பெற்றேன். நீங்கள் பார்க்காத விழா அது. என் படிப்பு, என் திறமை என்று ஏதேதோ புகழ்ந்தார்கள். மைக்கை வாங்கி, "எங்க வீட்டுக்காரர் எனக்குனு ஒரு சைக்கிள் செஞ்சாருங்க. அதனாலதான் இங்க நிக்கிறேன்" என்றேன். கைதட்டல் ஓய நேரமாயிற்று. அத்தனையும் உங்களுடையது, நான் வாங்கி வைத்திருக்கிறேன்.