ஒன்றாம் வகுப்புக்கு ஒரு பிள்ளை

மே 27, செவ்வாய்

கத்திரி முடியப்போகிறது, வெயில் குறையக் காணோம். பள்ளி அறையில் மின்விசிறி ரிப்பேர். ஆள் வரவில்லை.

மேலிடத்துக் கடிதம். ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சேராவிட்டால் பக்கத்துப் பள்ளியோடு இணைப்பு. கூடவே பள்ளி வரலாறு ஒரு பக்கம் எழுதித் தலைமையாசிரியை என்று நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். உயிர் இருக்கும்போதே கருமாதிப் பத்திரிகை அடிக்கச் சொல்கிறார்கள். எரிச்சல்.

பழைய சேர்க்கைப் பதிவேடுகளை (சே.ப.) இறக்கினேன். தும்மல். முகவரிப் பத்தியைப் பார்த்தாலே பள்ளி இருக்கும் இந்தக் கருவடிக்குப்பம் வளர்ந்த கதை தெரிகிறது. முதலில் 'குப்பம்', 'முந்திரித் தோப்பு', அவ்வளவுதான். பிறகு மனைப்பிரிவு. பிறகு நகர், விரிவு, குறுக்குத் தெரு, இரண்டாம் மாடி. வீடுகள் கூடக் கூடப் பிள்ளைகள் குறைகிறார்கள்.

தகப்பன் தொழில்: மீன்பிடி, மீன்பிடி, மில், சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளம்), மீன்பிடி.

வாங்க: பினாயில், சாக்பீஸ், முட்டி வலித் தைலம்.

மே 28, புதன்

காலை, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் வீடு. நம் பள்ளியில் படித்தவர். காபி, பிஸ்கட். "நம்ம எக்கோல, நாம படிச்ச பள்ளிக்கூடத்த மூடறதா? விடக்கூடாது மதாம்!" பேரன் எங்கே படிக்கிறான் என்று கேட்டேன். "அவன் பிரெஞ்சு இஸ்கூல்ல." சிரித்துவிட்டேன். அவருக்கு ஏனென்று புரியவில்லை.

சாயங்காலம் குப்பத்தில் வீடு வீடாக. மூன்று வீட்டில் "வேன் வருமா டீச்சர்?" மீன் விற்கும் வள்ளி மட்டும் உட்காரச் சொன்னாள். மகள் நிவேதாவுக்கு ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் வயது.

"இங்க சேத்தா நல்லா வருமா?"

"நான் பாத்துக்கறேன்."

"உங்க பேத்தி எங்க டீச்சர் படிக்குது?"

"இங்கதான் சேக்கப்போறேன். ஒண்ணாவது."

வாயில் வந்துவிட்டது. அவள் முகம் தெளிந்தது. "அப்ப நானும் இட்டாறேன்."

மே 29, வியாழன்

மகளுக்கு ஃபோன். பேத்தியை இங்கே சேர்ப்பது பற்றித் தொடங்கியதுமே, "பீஸ் கட்டியாச்சும்மா. என்னை எங்க படிக்க வச்ச நீ? கான்வென்ட்லதான?"

ஃபோனை வைத்தேன். இத்தனை வருடம் இங்கே சம்பளம் வாங்கினேன், என் பிள்ளையை ஒரு நாள்கூட இந்த பெஞ்சில் உட்கார வைத்ததில்லை. வெட்கமாக இருக்கிறது. வரலாற்றில் இதையெல்லாம் எழுத மாட்டார்கள்.

ஜூன் 2, திங்கள்

மேகமூட்டம். பள்ளி திறப்பு.

எட்டரைக்கே வள்ளி. தட்டில் கற்கண்டு, வெற்றிலை, பூ. நிவேதாவுக்குப் புதுப் பாவாடை. தானே போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். சே.ப.வில் பெயர் எழுதினேன். எவ்வளவு சந்தோஷம்.

"உங்க பேத்தி எங்க டீச்சர்? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வைங்க."

நாளைக்கு வரும் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"வராது வள்ளி. அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்."

முன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "உங்க ஊட்டுப் புள்ளைக்கு ஆவாத எடம் எம்பொண்ணுக்கு மட்டும் ஆவுமா?"

திட்டியிருந்தால் தேவலை. கற்கண்டுத் தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு, பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு போனாள்.

ஒன்றாம் வகுப்பின் அந்த ஒரே பெயரைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.