தானியேலுக்குக் கீழே பென்சில்

இரும்புலியூர்
12.8.2007

அன்பு மகள் ஜாஸ்மினுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் உன் சித்தியும் இங்கே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், நீயும் மஸ்கட் வெயிலில் உருகிவிடாமல் முழுசாக இருப்பாய் என்று நம்புகிறேன். பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் மாடி எழுப்புகிறாள், அந்த ஜல்லி மெஷின் சத்தத்துக்கு முன்னால் வெளிப்படுத்தலின் ஏழு எக்காளமும் தோற்றுப்போகும். இதைப் போனில் சொல்லாமல் எழுதக் காரணம், உன் சித்தி யூனிசுக்குக் கண்தான் மங்கல், காது செங்கல்பட்டு வரை கேட்கும்.

ஞாயிறு தவறாமல் நீ போனில் கண் ஆபரேஷனுக்குக் கெஞ்சுகிறாய், அவள் டிசம்பர் ஆகட்டும் என்கிறாள். டிசம்பரில் ஆண்டவர் வருகிறாராம், புது சரீரமே கிடைக்கும்போது பழைய கண்ணுக்கு எதுக்குப் புது லென்ஸு என்கிறாள். அந்த டிசம்பரை வைத்த பாவி நான்தான் அம்மா. நீ விட்டுப்போன விளக்கவுரை பைபிள், மேலே வசனம் கீழே பொடி எழுத்தில் விளக்கம், தலைக்கு வைத்தால் கழுத்து ஒடியுமே, அதையும் காலண்டரையும் வைத்துக்கொண்டு தானியேலின் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு நாளை விரல் விட்டு எண்ணுவாள். நாள் என்றால் நாள்தான், எழுதினது எழுதினபடி நடக்கும் என்பாள். லெந்து நோன்பு சமயத்தில் கேலிக்காக, தானியேலின் கடைசி அதிகார விளக்கத்தின் கீழே அச்சு மாதிரியே பென்சிலில் 'வருகை: 2007 டிசம்பர்' என்று எழுதினேன். கண்டுபிடித்துக் கரண்டியை வீசுவாள் என்று இரண்டு நாள் குனிந்தே நடந்தேன். வீசவில்லை. கண்புரைக்கு அச்சும் பென்சிலும் ஒன்றுதான் என்று இந்த மகா மேதைக்குத் தோன்றவில்லை, சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன்.

போன செவ்வாய் ஜி.எஸ்.டி. ரோட்டில் தண்ணீர் லாரி அவள் புடவையை உரசி நின்றது. டிரைவர், இன்னாம்மா, வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா என்று கத்தினானாம். சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னாள், நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். ஏழு வயதிலிருந்து உன்னை வளர்த்தவள். பென்சிலில் எழுதியது நான்தான் என்று உடனே ஒப்புக்கொண்டேன், நம்பினால்தானே. நாப்பது வருஷமா நீங்க சொன்னதுல ஒண்ணாவது நெஜமா, வேதத்துலயே போட்டிருக்கு, சாத்தான்தான் உங்க வாயில பூந்துகினு பேசுறான் என்றாள். அப்படியானால் ஆபரேஷன் செய்துகொண்டு நீயே பார் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். சரி, பாக்குறேன், பென்சிலா மட்டும் இருக்கட்டும், உங்களுக்கு அன்னிக்கே நியாயத்தீர்ப்பு என்றாள்.

வருகிற 23ஆம் தேதி வியாழக்கிழமை ஆபரேஷன். நாலு நாளாக ரப்பர் என் சட்டைப் பையில் இருக்கிறது, எடுக்கிறேன், வைக்கிறேன். ஒரே தேய்ப்பில் தப்பிவிடலாம். ஆனால் கட்டுப் பிரித்த கண்ணுக்கு அங்கே வெறும் தாள் தெரிந்தால், இத்தனை மாதம் படித்தது தன் புத்தி தடுமாற்றம் என்றல்லவா நினைப்பாள். அதனால் நேற்று அந்த எழுத்தின் மேலேயே பேனாவால் அழுத்தி எழுதி, கீழே 'எழுதியவன் தனசிங்' என்று கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு. ஆபரேஷன் முடிந்த சனிக்கிழமை மறக்காமல் போன் செய், சித்திக்குக் கண் தெரிகிறதா என்று அவளிடமே கேள், எனக்காக ஒரு வார்த்தை பேசு.

உன் குற்றவாளிச் சித்தப்பா,
தனசிங்