பெட்ரோல் தொட்டிக்குள் விழுந்த மஞ்சள் கட்டு

விபவ வருஷம், ஐப்பசி 6, திங்கள்

காலையில் தூறல். எட்டு மணிக்கு வெயில். ஆயுத பூசை.

தோட்டத்து லோரியைக் கழுவி முடிக்க இரண்டு மணி நேரம். சந்தனம், குங்குமம், மாலை. எலுமிச்சம்பழம் நாலு வைத்தேன், நசுங்கியது மூன்றுதான். ஒன்று உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டது. செல்லம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

அவளுக்கு இது எட்டாம் மாதம். முன்னால் இரண்டு. இரண்டும் எங்கள் லயத்து வீட்டிலேயே பிறந்தன, லயத்திலேயே போயின. இந்தத் தடவை பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரிதான் என்று முடிவு செய்தாயிற்று. துரையிடம் கேட்டு வைத்துவிட்டேன். வலி கண்டதும் லோரியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று உத்தரவு.

கோயிலில் பூசாரி அவளுக்கு ஒரு கட்டு கொடுத்தார். விரலி மஞ்சள், திருநீறு, மஞ்சள் துணியில் முடிந்தது. பிள்ளை பிறக்கும்வரை அவிழ்க்கக் கூடாதாம். கையில் கட்டிக்கொள்ள வேண்டியதை லோரியில் கட்டச் சொன்னாள்.

"என்னையும் புள்ளையையும் தூக்கிட்டுப் போறது அதுதானங்க? அதுக்குக் கட்டுங்க."

ஸ்டீரிங்கில் கட்டினேன்.

ஐப்பசி 7, செவ்வாய்

ஈப்போ ரயிலடிக்கு ரப்பர்ப் பெட்டி பதினெட்டு. திரும்பி வரும்போது துரை கண்ணில் கட்டு பட்டுவிட்டது. "மாரிமுத்து, அந்தக் கந்தை எடு. இது லோரி, கோயில் இல்லே." சந்தனம் இருக்கலாமாம், துணி கூடாதாம். என்ன நியாயமோ.

வீட்டுக்குக் கொண்டுபோனால் செல்லம்மா அழுவாள். டிரைவர் ஆசனத்துக்கு அடியில் பெட்ரோல் தொட்டி. அதன் மூடிக் கழுத்தில் சுற்றிக் கட்டி, மேலே மெத்தையைப் போட்டேன். துரை என்ன, எமனே வந்தாலும் பார்க்க முடியாது.

ஐப்பசி 9, வியாழன்

நல்ல மழை.

இன்று பெட்ரோல் போடும் நாள். ஸ்டோர்க் கணக்குப் பார்க்கும் கிராணி கந்தையா சீட்டு எழுதி, கையெழுத்து வாங்கி, தகரம் ஒன்று கொடுத்தார். யாழ்ப்பாணத்து மனுஷன். வெள்ளைக் கோட்டு, தோளில் சால்வை. என்னை ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை. "சிந்தாமல் ஊத்தும், காணும். இது ஆத்துத் தண்ணி இல்லை." ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு.

ஈரக்கை. மூடியைத் திருகினேன், கட்டு இருப்பது மறந்தே போனது. முடிச்சும் கூடவே திருகியது. மூடி கையில். கட்டு தொட்டிக்குள். ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். எட்டிப் பார்த்தேன், கறுப்பு.

ரப்பர்ப் பால் கோப்பையை மரத்தில் மாட்டும் கம்பி ஒன்றை நிமிர்த்தி, நுனியை வளைத்து விட்டேன். உள்ளே குறுக்கே ஒரு தகடு. கம்பி அதைத் தாண்ட மாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் துழாவினேன். கையெல்லாம் எரிச்சல்.

அடியில் சும்மா கிடந்துவிட்டுப் போகட்டும் என்று மேலே பெட்ரோலை ஊற்றினேன்.

ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்ததும் செல்லம்மா, "கட்டு பத்திரமா இருக்கா?"

"இருக்கு."

பொய் இல்லையே. இருக்கத்தான் செய்கிறது.

ஐப்பசி 11, சனி

சும்மா கிடக்கவில்லை.

லகாட் ஊரைத் தாண்டி, ஈயக்குட்டைப் பக்கம் திருப்பத்தில் லோரி இருமியது, நின்றது. கைப்பிடியை எவ்வளவு சுற்றியும் கிளம்பவில்லை. ஒரு சுருட்டு முடியும் நேரம் கழித்துச் சுற்றினால் உடனே கிளம்புகிறது. மறுபடி இரண்டு மைல். மறுபடி நின்றது.

எனக்கு விளங்கிவிட்டது. பெட்ரோல் ஓடும்போது துணியும் இழுபட்டுப் போய் ஓட்டையை அடைக்கிறது. நின்றதும் விலகிவிடுகிறது. யாரிடம் சொல்ல?

ரயில் தவறியது. பெட்டிகள் ரயிலடியிலேயே கிடக்கின்றன.

ஐப்பசி 12, ஞாயிறு

வாங்கியது: உப்பு, கருவாடு, சுருட்டு, செல்லம்மாவுக்குப் புளிப்பு மாங்காய்.

கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். அடிக் குழாயைத் திறந்து பெட்ரோல் முழுவதையும் தகரத்தில் பிடித்தேன். குழாய் வாய் சுண்டுவிரல் அளவு, கட்டு எலுமிச்சை அளவு. எப்படி வரும்? தொட்டியைக் கழற்றிக் குலுக்கினால்தான் உண்டு. அதற்கு ஈப்போ பட்டறை. பட்டறைக்குத் துரை உத்தரவு. உத்தரவு கேட்டால் காரணம் கேட்பார்.

சொன்னால் லோரி போய்விடும். இந்தத் தோட்டத்தில் பால் வெட்டப் போகாமல், மண்வெட்டி பிடிக்காமல் சம்பளம் வாங்கும் தமிழன், கிராணிமாரையும் கங்காணியையும் விட்டால், நான் ஒருவன்தான். அந்த ஆசனத்தில் உட்கார மூன்று வருஷம் பெட்டி தூக்கியிருக்கிறேன்.

பிடித்த பெட்ரோலைத் திரும்ப ஊற்றிவிட்டு வந்தேன்.

ஐப்பசி 13, திங்கள்

மனசு சரியில்லை. எழுதியே தீர வேண்டும்.

லோரி கொட்டகை வாசலிலேயே நின்றது. துரை நேரில் வந்தார். பெட்ரோல் கொஞ்சம் கண்ணாடித் தம்ளரில் பிடிக்கச் சொன்னார். அடியில் மணி மணியாகத் தண்ணீர். இந்த மழையில் எந்தத் தொட்டியில்தான் இரண்டு சொட்டுத் தண்ணீர் இருக்காது? துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரோ என் பெட்ரோல் எடுத்துத் தண்ணி கலக்குறான்." கந்தையாவைக் கூப்பிட்டனுப்பினார்.

அவர் வந்தார். தகரங்கள் எல்லாம் ஈய முத்திரையோடுதான் கொடுக்கப்படுகின்றன, முத்திரையை டிரைவர்தான் உடைக்கிறார், கேட்டுப் பாருங்கள் என்றார்.

துரை என் பக்கம் திரும்பினார். "மாரிமுத்து, முத்திரை இருந்துச்சா?"

இருந்தது. ஒவ்வொரு தடவையும் இருந்தது. நான்தான் ஆணி வைத்து உடைத்தேன்.

"நான் கவனிக்கலீங்க துரை."

வாயிலிருந்து அப்படி வந்துவிட்டது. கந்தையா என்னைப் பார்த்தார். சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவருக்கு வேலை போயிற்று, மாதக் கடைசியோடு தோட்டத்து வீட்டைக் காலி பண்ண வேண்டுமாம்.

எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்காது. அதற்காக இப்படியா?

ஐப்பசி 14, செவ்வாய்

ஸ்டோர்ச் சாவி சின்னத் துரையிடம். புதுத் தகரம், புதுப் பெட்ரோல். லோரி இன்றும் நின்றது. கிராணி மேல் தப்பில்லை என்று காட்டத் துரைக்கு இது போதவில்லை. "பழைய தண்ணி இன்னும் உள்ளே இருக்கு" என்கிறார்.

கிராணி வீட்டுப் பக்கமாக வர வேண்டியிருந்தது. வாசலில் இரண்டு பெட்டி கட்டிக் கிடக்கிறது. அவர் சம்சாரம் பாய்களை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தார். மூத்த பெண் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. சின்னதற்கு விஷயம் தெரியாது, "லோரி மாமா" என்று கையாட்டியது. நானும் ஆட்டினேன். கை கூசியது.

ஐப்பசி 16, வியாழன்

விடியலிலிருந்து மழை.

ஏழாம் லயத்து வீரனுக்குக் குளிர் காய்ச்சல். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் பத்து காஜாவுக்குக் கொண்டுபோகச் சொன்னார். பின்னால் படுக்கவைத்து மேலே சாக்கு போட்டோம். அக்காள்காரி தலைமாட்டில்.

வழியில் மூன்று தடவை நின்றது. மூன்றாவது தடவை வெட்டவெளி, பக்கத்தில் ஒரு மரம்கூட இல்லை. வீரனுக்குப் பல் கிட்டிப்போய்விட்டது. அக்காள்காரி தன் சேலையை விரித்து அவன் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையிலேயே நின்றாள்.

"அண்ணே, எப்பண்ணே கிளம்பும்?"

"இப்பத்தான்க்கா. கொஞ்சம் பொறுங்க."

எப்போது கிளம்பும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். துணி விலகினால் கிளம்பும். அந்தச் சாக்குக்கு அடியில் செல்லம்மா கிடந்தால்? அவளைக் காப்பாற்றக் கட்டிய கட்டே அவளை நடுரோட்டில் நிறுத்திவிடும்.

வீரனைச் சேர்த்தாயிற்று. பிழைத்துக்கொள்வான் என்றார்கள்.

திரும்பியதும் ஈரத்துணியோடு நேரே ஆபீசுக்குப் போனேன். பயமாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டேன். கட்டு, மூடி, கம்பி, முத்திரை எல்லாவற்றையும். துரைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "ஒரு கந்தைக்கா?" என்றார். பிறகு, "முத்திரை?"

"இருந்துச்சுங்க துரை. எல்லாத் தகரத்திலும்."

ஐப்பசி 17, வெள்ளி

ஈப்போ. சீனர் பட்டறை. துரையும் காரில் வந்தார்.

பட்டறைக்காரன் ஆ சோங் தொட்டியைக் கழற்றிக் கவிழ்த்து, குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். இடுக்கியை விட்டு இழுத்தான். வந்தது. மஞ்சள் நிறம் பாதி போய்விட்டது. முடிச்சு மட்டும் போட்டபடியே இருக்கிறது.

துரை சிரித்தார். ஆ சோங் சிரிக்கவில்லை. மலாய் மொழியில் "தங்கல்?" என்று கேட்டான். தாயத்துதானே என்கிறான். ஆமாம் என்றேன். அவன் பட்டறைத் தூணிலும் சிவப்புக் காகிதம் ஒன்று ஒட்டியிருக்கிறது. கட்டைச் சுத்தமான துணியில் ஒற்றி, இரண்டு கையாலும் கொடுத்தான்.

திரும்பும்போது லோரி எங்கும் நிற்கவில்லை. நான் அதை ஓட்டியது இதுவே கடைசி. கொட்டகையில் விட்டதும் துரை கைப்பிடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "துணி விழுந்தது சரி. நீ பேசாம நின்னியே, அது சரியில்லே." நாளையிலிருந்து ரப்பர் உலர்த்தும் புகைவீட்டில் ஷீட் தூக்க வேண்டும்.

கந்தையாவிடம் சாவி திரும்பப் போய்விட்டதாம். யாரோ சொன்னார்கள்.

ஐப்பசி 18, சனி

புகைவீடு. கண் எரிச்சல், இருமல்.

செல்லம்மாவிடம் எல்லாம் சொன்னேன். லோரி போனதற்கு ஒரு வார்த்தை இல்லை. "இருக்கான்னு கேட்டப்ப இருக்குன்னீங்களே" என்றாள். அதோடு பேச்சு நின்றது. கட்டை வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டாள். வீடு முழுக்கப் பெட்ரோல் வாசம். அடுப்புப் பக்கம் போகாதே என்று சமையலை நான் பார்க்கிறேன். பருப்பு தீய்ந்தது.

ஐப்பசி 22, புதன்

பேச ஆரம்பித்துவிட்டாள். பருப்பைத் தாங்க முடியவில்லையாம்.

புது டிரைவர் ஒஸ்மான், பக்கத்து மலாய்க் கிராமத்துக் கம்போங்காரன். நல்லவன்தான். கியர் போடும்போது லோரி கதறுகிறது. காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கந்தையா எதிரே வந்தார். கும்பிட்டேன். பார்க்காமல் போனார். நியாயம்தான். மன்னிப்புக் கேட்கப் போக வேண்டும். போகவில்லை. கால் வரமாட்டேன் என்கிறது.

கார்த்திகை 2, சனி

ரப்பர் ஷீட் தூக்கித் தூக்கித் தோள்பட்டை வீக்கம். செல்லம்மாவுக்குக் கால் வீக்கம். இரண்டு பேரும் ஒரே எண்ணெயைப் பூசிக்கொண்டோம்.

கார்த்திகை 5, செவ்வாய்

பத்து காஜாவில் ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெயில்.

காலைப் பிரட்டுக்குப் பெயர் கூப்பிடும்போது வலி. ஒஸ்மான் லோரியைக் கொண்டுவந்துவிட்டான். குச்சி விட்டுப் பார்த்தான், தொட்டியில் ஒரு விரற்கடைகூட இல்லை. ஸ்டோருக்கு ஓடினேன். சீட்டு இல்லை. துரை அடுத்த தோட்டத்துக்குப் போயிருக்கிறார்.

கந்தையா மேசையில். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். "ஐயா, செல்லம்மாவுக்கு..." அதற்கு மேல் வரவில்லை.

அவர் சீட்டுக் கேட்கவில்லை. எழுந்து தகரத்தைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். வெள்ளைக் கோட்டில் துரு. லோரிப் பக்கத்தில் வைத்து, மூடியை என் பக்கமாகத் திருப்பினார்.

"வடிவாப் பாரும். முத்திரை இருக்கோ?"

எல்லாரும் நிற்கிறார்கள். செல்லம்மா பின்னால் முனகுகிறாள்.

"இருக்குங்க ஐயா." பிறகு, "அன்னைக்கும் இருந்துச்சு ஐயா."

"அது எனக்குத் தெரியும்" என்றார்.

ஆணியால் உடைத்தார். புனலின்மேல் தன் சால்வையை மூன்றாக மடித்துப் போட்டு, அதன் வழியாக ஊற்றினார். "இந்த முறை ஒண்டும் உள்ளுக்குப் போகாது. ஏறும், காணும்."

லகாட் திருப்பம் வந்தபோது செல்லம்மா என் கையை இறுக்கினாள். அன்று முதலில் நின்ற இடம் அதுதான். லோரி நிற்கவில்லை. ஒஸ்மான் கியரைக் கதறவிட்டான். கதறட்டும்.

பெண் பிள்ளை. பதினொன்றரைக்கு. அழுகைச் சத்தம் வெளியே வரை கேட்டது. இரண்டு பேரும் சுகம் என்று நர்ஸ் வந்து சொன்னாள். கட்டை அவிழ்க்கலாமா என்று செல்லம்மா கேட்கச் சொன்னாளாம். அவிழ்க்கலாம்.

கிராணி ஐயாவின் சால்வை லோரியிலேயே வந்துவிட்டது. மடியில் வைத்திருக்கிறேன். பெட்ரோல் வாசம் போகவில்லை. நாளைக்குத் துவைத்து நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.